குரலுக்குச் சார்ஜ் ஏற்றிக்கொண்டு பருத்தித்துறைக்கு

இந்தப் பக்கத்தை வாசிக்கிறவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது இரண்டே கேள்விகள். யாழ்ப்பாணத்திலிருந்து பருத்தித்துறைக்கு எந்த வழியால் போவது நல்லது, போனால் என்ன வாங்குவது. இரண்டுக்கும் கீழே பதில் இருக்கிறது, பொறுமையாக வாசியுங்கள். ஆனால் இந்த முறை நான் போனது ஊர் பார்க்க அல்ல. என் அண்ணையின் மகள் சாம்பவிக்குக் கலியாணம் கதைக்கப் போனேன். போன பங்குனியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை.

கலியாணம் கதைப்பது என்றால், எங்கள் பக்கத்தில் பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டுக்குப் போய் முறையாக வாய் திறந்து கேட்பது. சாம்பவியும் அந்தப் பெடியனும் கொழும்பில் ஒரே அலுவலகத்தில் வேலை செய்கிறார்கள். பழகிப் பிடித்து, தாங்களே எல்லாவற்றையும் முடிவு செய்துவிட்டு, பெரியவர்களுக்கென்று இந்த ஒரு சம்பிரதாயத்தை மட்டும் மிச்சம் விட்டிருந்தார்கள். அந்த மிச்சத்தில்தான் சிக்கல். கதைக்க வேண்டிய அண்ணைக்குக் குரல் இல்லை.

இரண்டு வருடத்துக்கு முன் அவருக்குத் தொண்டையில் ஒப்பரேசன் நடந்தது. குரல்வளையை எடுத்துவிட்டார்கள். இப்போது அவர் கதைப்பது ஒரு சின்னக் கருவியால். கைக்கு அடக்கமான ரோச் லைற் அளவு இருக்கும். அதைக் கழுத்தில் அழுத்திப் பொத்தானைப் பிடித்தால் ஒரு ரீங்காரம் வாய்க்குள் போகும். அந்த ரீங்காரத்தை நாக்காலும் உதட்டாலும் சொல்லாக்க வேண்டும். ஏற்ற இறக்கம் கிடையாது, வண்டு ஒன்று மனம் வைத்துக் கதைக்கிற மாதிரி இருக்கும். சில எழுத்துகள் அதற்கு வரவே வராது. வெறும் காற்றால் வருகிற 'ச' அதில் 'ஜ' ஆகிவிடும். சோறு கேட்டால் ஜோறு. மகளை ஜாம்பவி என்றுதான் கூப்பிடுவார். அவளும் அதற்கு ஓம் அப்பா என்று பழகிவிட்டாள்.

அண்ணை நாற்பது வருடம் ரியூட்டறிகளில் கணக்குப் படிப்பித்தவர். ஓலைக் கொட்டகையில் இருநூறு பிள்ளைகளுக்கு மைக் இல்லாமல் படிப்பித்த குரல் அது. கொக்குவிலில் எங்கள் வீட்டுப் படலையில் நின்று அவர் என்னைக் கூப்பிட்டால் தண்டவாளத்துக்கு அப்பால் நிற்கிற எனக்குக் கேட்கும். எனக்கு மட்டுமா, அந்தப் பக்கத்து மாடுகளுக்கும் கேட்கும்.

சாம்பவி பள்ளிக்கூடம் போகிற காலத்திலேயே அண்ணி செத்துப்போய்விட்டா. அதனால்தான் கொழும்பிலிருந்து நான் வந்தேன், ஒரு பெண் துணைக்கு. "நானே கதைக்கிறன் அண்ணை, நீங்கள் பக்கத்தில இருந்தால் காணும்" என்று வந்த உடனேயே சொல்லிப் பார்த்தேன். அவர் கருவியைக் கழுத்தில் வைத்தார்.

"அவளுக்கு அப்பன் நான். நான்தான் கதைக்கோணும்."

இயந்திரக் குரலில் கோபம் தெரியாது என்று யாரும் நினைக்க வேண்டாம். நன்றாகவே தெரியும்.

சனிக்கிழமை பின்னேரம் முழுக்க அவருடைய அறைக்குள்ளிருந்து ரீங்காரம் வந்துகொண்டே இருந்தது. கதவுக்கு இப்பால் சொல் பிரிந்து கேட்கவில்லை. பெரிய பேச்சு ஒன்று தயாராகிறது என்று நினைத்து, "என்ன அண்ணை, மாப்பிள்ளை வீட்டில பிரசங்கமோ?" என்று எட்டிப் பார்த்தேன். கதவைச் சாத்திவிட்டார்.

ஞாயிறு காலை எட்டு மணிக்குக் கரண்ட் நின்றது. கம்பியில் முட்டுகிற கிளைகளை வெட்டுவதற்கு நிறுத்துகிறார்களாம், பின்னேரம் ஐந்துக்குத்தான் வருமாம். பேப்பரில் போட்டிருந்தார்கள், நாங்கள் இருவரும் பார்க்கவில்லை. குளித்து, வேட்டி கட்டி, திருநீறு பூசி வந்த அண்ணை கருவியை எடுத்து அழுத்தினார். ஒரு தவளைச் சத்தம் வந்தது, பிறகு அதுவும் இல்லை. முதல் நாள் பயிற்சியில் பற்றறி முழுக்கத் தீர்ந்திருந்தது. அதைச் சார்ஜர் தட்டில் வைக்க மறந்து படுத்துவிட்டார். அவருடைய முகத்தைப் பார்க்க எனக்கு முடியவில்லை. மாப்பிள்ளை வீட்டில் எங்களை மத்தியானச் சாப்பாட்டுக்கு முன் எதிர்பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"பருத்தித்துறையில கரண்ட் இருக்கும்தானே. அங்கை போய் ஒரு மணித்தியாலம் போடுவம்" என்றேன். அவர் ஒரு தாளை எடுத்து எழுதி என் மூக்குக்கு நேரே நீட்டினார். "பிளக் எங்கை எண்டு கேட்டுக்கொண்டோ சம்பந்தம் கேக்கிறது?" நியாயம்தான்.

அப்போதுதான் கார் ஞாபகம் வந்தது. அண்ணையின் பழைய சிநேகிதர் மரியதாஸ் குருநகர்க்காரர், கத்தோலிக்கர். வீட்டில் எல்லாரும் கடல் தொழில், இவருக்கு மட்டும் சின்ன வயதிலிருந்தே கார்ப் பைத்தியம். ஒரு மொரிஸ் மைனரைப் பளபளவென்று வைத்து, கலியாண வீடுகளுக்கு வாடகைக்கு ஓடுகிறார். நாள் வாடகை, ஓட்டுநர் சம்பளத்தோடு, பன்னிரண்டாயிரம் ரூபாய். எங்களைக் கூட்டிப்போக அவர் பத்து மணிக்கு வருவதாக இருந்தது. காரில் பன்னிரண்டு வோல்ற்றுப் பற்றறி இருக்கிறது. பருத்தித்துறைக்கு அந்தக் காரில் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் எடுக்கும். கருவி நிரம்பவும் ஒரு மணித்தியாலம்தான். போகிற வழியிலேயே குரலை நிரப்பிக்கொண்டு போகலாம்.

நான் முப்பது வருடம் பெண்கள் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பித்தவள். கார் சார்ஜர் ஒன்று செய்வது பெரிய வித்தையல்ல. கார் தருவது பன்னிரண்டு வோல்ற்று, அண்ணையின் சார்ஜர் தட்டுக்கு வேண்டியது ஒன்பது. இடையில் 7809 என்கிற மூன்று கால் ஐசியைப் போட்டால் மிச்சத்தை அது குறைத்துவிடும். ஒரு காலில் பற்றறியின் பிளஸ், நடுக்காலில் மைனஸ், மூன்றாவது காலில் ஒன்பது வோல்ற்று வெளியே வரும். மின்னோட்டம் துடிக்காமல் இருக்க இரண்டு கப்பாசிற்றர், ஏதும் பிழைத்தால் எரிந்துபோக ஒரு பியூஸ். அவ்வளவுதான். அண்ணை எதையும் எறிகிற ஆள் இல்லை. கட்டிலுக்குக் கீழே ஒரு பிஸ்கற் ரின்னில் எல்லாம் இருந்தது. ஐசி சூடேறும் என்பதால், உடைந்த அலுமினியப் பானை மூடியில் ஒரு துண்டு வெட்டி அதில் திருகினேன்.

தட்டில் செருகுகிற வட்ட முனை மட்டும் இல்லை. அது ஒரிஜினல் சார்ஜரின் வயரில் இருந்தது. கத்தரிக்கோலை எடுத்து, "வெட்டட்டோ?" என்றேன். அண்ணை கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டினார். வெட்டினேன். இனித் திரும்பிப் போக வழியில்லை.

ஈயம் பற்றவைக்கப் போகும்போதுதான் உறைத்தது, பற்றவைக்கிற கோலுக்கும் கரண்ட் வேண்டும். நான் திகைத்து நிற்க, அண்ணை எழுந்து போய் ஒரு தடித்த செப்புக் கம்பியை எடுத்து வந்தார். அதன் ஒரு பக்கத்துக்குத் துணி சுற்றி, மறுபக்கத்தை காஸ் அடுப்பு நெருப்பில் பிடித்தார். அது சூடானதும் என்னிடம் நீட்டினார். நாங்கள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சிரித்தோம். தொண்ணூறுகளில், வருடக்கணக்காகக் குடாநாட்டில் கரண்ட் இல்லாத காலத்தில், நாங்கள் இப்படித்தான் பற்றவைத்தோம். அப்போது காஸ் அடுப்பும் இல்லை, சிரட்டைக் கரிதான். வானொலி கேட்கப் பென்ரோச் பற்றறி கிடையாது. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, ஒருவர் பெடலைச் சுற்ற, டைனமோவில் றேடியோ பாடும். அண்ணை செய்தி கேட்பார், நான் சுற்றுவேன். "கெதியாச் சுத்தடி, யாழ்ப்பாணம் எண்டு சொல்லுறான்" என்று கத்துவார். கேட்டு முடித்ததும் படலைக்குப் போய் அதே செய்தியை ஒழுங்கையில் இருக்கிற எல்லா வீட்டுக்கும் சொல்லுவார். அந்தக் குரலுக்கு டைனமோ தேவைப்படவில்லை. அந்த நாட்கள் நல்ல நாட்கள் என்று சொல்ல மாட்டேன், சொன்னால் பொய். ஆனால் அந்தச் சமையலறையில் அந்தப் பழைய ஈயப் புகை மணத்தபோது, திரும்பவும் ஒரு தரம் அந்தச் சைக்கிளைச் சுற்ற வேண்டும் போல இருந்தது.

மரியதாஸ் பத்து மணிக்குச் சரியாக வந்தார். பலகாரத் தட்டும் என் கைப்பையும் டிக்கியில் ஏறின. அண்ணையின் மூக்குக்கண்ணாடி அந்தக் கைப்பைக்குள் இருந்தது, இது முக்கியம், ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். அண்ணை முன் இருக்கையில், நான் பின்னால், மடியில் சார்ஜர். வயர் முனைகளில் கவ்விகள் பூட்டி, இன்சுலேசன் ரேப் சுற்றுகிற வேலை மிச்சம் இருந்தது. அதை ஓடும் காரிலேயே செய்தேன்.

வழி இதுதான்: கொக்குவிலிலிருந்து திருநெல்வேலி, கல்வியங்காடு, இருபாலை, அங்கே பருத்தித்துறை வீதியில் ஏறிக் கோப்பாய். மொத்தம் முப்பத்தைந்து கிலோமீற்றர் வரும். கோப்பாய் தாண்டியதும் இரண்டு பக்கமும் செம்மண் தோட்டங்கள். அன்று புகையிலை வெட்டி முடிந்திருந்தது, வெங்காயம் கிடந்தது. நீர்வேலியில் வாழைத்தோட்டங்கள் வீதி வரைக்கும் வந்து நிற்கும். மொரிஸின் கண்ணாடியை இறக்கிவிட்டுப் போனால் ஈரமண் மணக்கும். குளிரூட்டிய வான் வண்டியில் போகிறவர்களுக்கு இது கிடைக்காது, அதற்கு நான் பொறுப்பல்ல.

சிறுப்பிட்டியில் ஒரு வேப்பமர நிழலில் காரை நிறுத்தினோம். வேலை முடிந்திருந்தது. மரியதாஸ் என்ஜினுக்கு மேலே இருக்கிற பொனற்றைத் திறந்தார். சிவப்புக் கவ்வியைக் கரண்ட் வருகிற வயரில் கொழுவ வேண்டும், கறுப்புக் கவ்வியைக் காரின் பொடியில், அதாவது இரும்பு உடம்பில், எங்காவது கடிக்க விட வேண்டும். கார் பொடி என்றால் மைனஸ், இது ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். நான் குனிந்தேன்.

பொனற்றில் பட பட என்று அடி விழுந்தது. அண்ணை இறங்கி வந்து அடித்துக்கொண்டிருந்தார். என் கையைத் தட்டிவிட்டார். இரண்டு ஆள்காட்டி விரல்களையும் குறுக்கே வைத்துக் காட்டினார். காரைத் தொட்டார், திரும்பவும் விரலைக் குறுக்கே வைத்தார். வாயை அசைத்து ஏதோ சொன்னார்.

"என்ன சொல்லுறார்?" என்றேன்.

மரியதாஸ் அவருடைய உதட்டைக் கூர்ந்து பார்த்தார். "பூ… சை. பூசை எண்டுறார், ரீச்சர்!" அவருடைய முகம் மலர்ந்துவிட்டது. "சிலுவையும் காட்டுறார் பாருங்கோ. நல்ல காரியத்துக்குப் போறம், இண்டைக்கு ஞாயிற்றுக்கிழமை, கோயிலுக்குப் போட்டுப் போவம் எண்டுறார். நானே கேப்பம் எண்டு நினைச்சனான், மாஸ்டர் என்ன நினைப்பாரோ எண்டு விட்டிட்டன்."

அண்ணை தலையை இடமும் வலமுமாக ஆட்டினார். இரண்டு கைகளையும் ஆட்டினார். திரும்பவும் சிலுவை.

"ஓம் ஓம், விளங்குது மாஸ்டர். அச்சுவேலியில ஒரு கோயில் இருக்கு. ரீச்சர், உதைப் பிறகு கொழுவுவம்." பொனற் மூடப்பட்டது.

எனக்கும் ஒரு சந்தேகமும் வரவில்லை, அதுதான் வெட்கம். ஒப்பரேசனுக்கு முன் மரியதாஸ் குருநகரில் அண்ணைக்காக மெழுகுதிரி கொளுத்தினவர். அந்த நன்றியில் கேட்கிறார் என்று நானும் உருகிவிட்டேன். அண்ணை போனில் அடித்துக் காட்டியிருக்கலாமே என்று கேட்பீர்கள். மூக்குக்கண்ணாடி டிக்கிக்குள், என் கைப்பைக்குள், தாளும் பேனையும் அதோடுதான். கண்ணாடி இல்லாமல் அவருக்குப் போனில் எழுத்துத் தெரியாது. அதைக் கேட்க அவர் கண்ணைச் சுற்றி விரலால் வட்டம் போட்டுக் காட்டியதை, கண்ணில் தண்ணி வந்துவிட்டது என்று நான் நினைத்தேன்.

ஆவரங்காலில் திரும்பி அச்சுவேலிக்குப் போனோம். பூசை முடிகிற நேரம். மரியதாஸ் உள்ளே போய் முழங்காலில் நின்றார். நானும் பின்னால் ஒரு வாங்கில் இருந்து கும்பிட்டேன். சாமி எதுவானாலும் அண்ணையின் வாயைத் திறந்துவிடட்டும் என்றுதான் கேட்டேன். அண்ணை காரை விட்டு அசையவே இல்லை. நாங்கள் திரும்பி வந்தபோது அவர் பொனற்றுக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். வழியில் படிந்த செம்மண் தூசியில் விரலால் பெரிதாக ஒரு படம் கீறியிருந்தார். மேலே ஒரு சிலுவை. அதிலிருந்து கீழே ஒரு கோடு. கோட்டின் அடியில் ஒன்றின் கீழ் ஒன்றாக மூன்று கிடைக்கோடுகள்.

மரியதாஸ் நெஞ்சில் கை வைத்தார். "கல்வாரி மலை! படியெல்லாம் கீறியிருக்கிறார், ரீச்சர்."

படிகள்தான். ஆனால் மேலே அகலமாகவும் கீழே குறுகலாகவும் இருந்தன. எந்த மலையும் அப்படி இராது. நான் நின்ற இடத்திலேயே நின்றேன். அது நான் முப்பது வருடம் கரும்பலகையில் கீறிய குறி, புவித்தொடுப்பு, எர்த் என்கிறோமே அது. அதற்கு மேலே இருந்தது சிலுவை அல்ல, பிளஸ். சிறுப்பிட்டியில் அவருடைய உதட்டில் வந்ததும் பூசை அல்ல, பொசிற்றிவ். இந்தக் காரின் பொடி பிளஸ். எழுத்து எதற்கு, விஞ்ஞான ரீச்சருக்கு இந்தக் குறி காணும் என்று நினைத்தாராம்.

இதே படத்தை நான் இதற்கு முன்னும் பார்த்திருக்கிறேன். கரண்ட் இல்லாத அந்தக் காலத்தில் பக்கத்து வீட்டில் ஒரு மொரிஸ், பெற்றோல் இல்லாமல் கராச்சுக்குள் கல்லில் ஏற்றி நிறுத்தியிருந்தார்கள். சைக்கிள் சுற்றி எனக்குக் கை வலிக்கிறது என்று நான் முறையிட்ட நாளில், அண்ணை அந்தக் காரின் பற்றறியில் றேடியோவைக் கொழுவிப் பார்த்தார். கறுப்பு வயரைப் பொடியில் வைத்தார். றேடியோ யாழ்ப்பாணம் என்றும் சொல்லவில்லை, கொழும்பு என்றும் சொல்லவில்லை, புகைந்தது. அந்தக் காலத்து இங்கிலாந்துக் கார்கள் பலவற்றில் பற்றறியின் பிளஸ் பக்கத்தைத்தான் பொடியில் பூட்டியிருப்பார்கள் என்று அன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது. அண்ணை ஒரு கரித்துண்டால் அந்தக் கராச் சுவரில் இந்தப் படத்தைக் கீறி வைத்தார், இனி ஒருவரும் பிழை விடக் கூடாதென்று. நான் அதை வருடக்கணக்காகப் பார்த்தவள். மறந்துவிட்டேன். சிறுப்பிட்டியில் நான் அந்தக் கறுப்புக் கவ்வியைக் கொழுவியிருந்தால் அண்ணையின் குரல் அந்த றேடியோ போன வழியே போயிருக்கும். வேறு கருவி கொழும்பிலிருந்து வர எத்தனை கிழமையோ.

"பிளஸ்" என்றேன். "பொடி பிளஸ்."

அண்ணை இரண்டு கையையும் வானத்துக்குத் தூக்கினார்.

மரியதாஸுக்கு விளக்கியபோது அவர் தலையைச் சொறிந்தார். "நான் இருவது வருசமா ஓடுறன். பற்றறி மாத்துறது கராச்சுக்காரன். எனக்கு உது தெரியாது. எண்டாலும் ரீச்சர், பூசை வீண்போகாது."

கவ்விகளை மாற்றிக் கொழுவினேன். சிவப்பு பொடிக்கு, கறுப்பு வயருக்கு. ஐசியின் முதுகும் அது திருகியிருந்த அலுமினியத் துண்டும் இப்போது எங்கும் காரைத் தொடக் கூடாது, தொட்டால் பியூஸ் போய்விடும். பழைய சைக்கிள் ரியூப் ஒரு துண்டு மரியதாஸிடம் இருந்தது, அதன் மேல் சார்ஜரை வைத்துக் கட்டினேன். வயரை யன்னலால் உள்ளே எடுத்துத் தட்டில் செருகினேன். தட்டில் ஒரு செம்மஞ்சள் வெளிச்சம் வந்தது. அண்ணை கருவியை அதில் வைத்துவிட்டு, அந்த வெளிச்சத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. நிரம்பினால் அது பச்சையாகும்.

வல்லை வெளியில் காற்று காரைப் பக்கவாட்டில் தள்ளியது. யாழ்ப்பாணத்தில் மரமே இல்லாத இடம் ஒன்றைப் பார்க்க வேண்டுமானால் இங்கே பாருங்கள். உப்புநீர் ஏரி, பாலம், கொக்குகள், கண்ணுக்கெட்டும் வரை வெளி. அண்ணை பழைய நாளில் இந்த வெளியில் சைக்கிளில் போகும்போது காற்றை எதிர்த்துக் கத்துவார், யார் சத்தம் பெரிது என்று பார்க்க. முனியப்பர் கோயிலடியில் மரியதாஸ் காரை நிறுத்தி, என்ஜினை நிறுத்தாமல் இறங்கி, உண்டியலில் சில்லறை போட்டுவிட்டு வந்தார். இந்த வீதியில் வாகனம் ஓடுகிற எவரும், எந்தச் சமயமானாலும், முனியப்பரைப் பகைத்துக்கொள்வதில்லை. நீங்களும் நிறுத்துங்கள்.

நெல்லியடிச் சந்தையில் கொஞ்சம் நெரிசல். மந்திகை, பிறகு பருத்தித்துறை. மாப்பிள்ளை வீடு தும்பளைப் பக்கம், கடல் சத்தம் கேட்கிற தூரத்தில். வாசலில் நிறுத்தும்போதும் வெளிச்சம் செம்மஞ்சளாகத்தான் இருந்தது. அச்சுவேலி எங்களுக்கு அரை மணித்தியாலத்தைத் தின்றுவிட்டது. அண்ணை கருவியை எடுத்துச் சேட்டுப் பைக்குள் போட்டார். சோதித்துப் பார்க்கவில்லை. சோதிப்பதற்குக்கூடச் செலவழிக்க விருப்பமில்லை என்று எனக்கு விளங்கியது.

நல்ல மனிதர்கள். மாப்பிள்ளையின் தகப்பனார் படலை வரைக்கும் வந்து அண்ணையின் கையைப் பிடித்துக் கூட்டிப் போனார். தேத்தண்ணி வந்தது, பயித்தம் பணியாரம் வந்தது. மழை, வெங்காய விலை, ரயில் என்று கதை போனது. நான் பதில் சொன்னேன், அண்ணை தலையாட்டினார். தகப்பனார் என்னைப் பார்த்து, "பிள்ளையள் எல்லாம் எங்களுக்குச் சொல்லிப்போட்டினம். மாஸ்டர் கஷ்டப்படத் தேவையில்லை. நீங்கள் ஒரு சொல்லுச் சொன்னால் காணும்" என்றார். அன்பாகத்தான் சொன்னார். அண்ணையின் முகம் இறுகியது.

அவர் எழுந்து நின்றார். நான் அவருடைய பிரசங்கத்துக்கு மனதைத் திடப்படுத்திக்கொண்டேன். இருக்கிற சார்ஜுக்கு அது பாதியில் நின்றுவிடும் என்று பயந்தேன். அவர் கருவியைக் கழுத்தில் வைத்தார். பொத்தானை அழுத்தவில்லை. வாய்க்குள் இருந்த காற்றால் மட்டும் மெல்லிய ஒரு 'ச்' வந்தது, அதன் வால் பிடித்து ரீங்காரம் ஏறியது.

"சாம்பவி. என்ரை மகள். அவளுக்கு உங்கடை மகனைக் கேட்டு வந்திருக்கிறன்."

அவ்வளவுதான். அவர் இருந்துவிட்டார். சாம்பவி. ஜாம்பவி இல்லை. மாப்பிள்ளையின் தாயார் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தா. "எங்களுக்குப் பூரண சம்மதம்" என்று தகப்பனார் சொன்னபோது அவருடைய குரலும் சரியாக இல்லை. அந்த அறையில் தெளிவாகக் கதைத்த ஒரே ஆள் அண்ணைதான்.

இனிப் போகிறவர்களுக்குச் சில விசயங்கள். யாழ்ப்பாண பஸ் நிலையத்தில் 750 ஏறினால் பருத்தித்துறைக்கு இதே வழிதான், காசும் மிச்சம், ஆனால் வல்லையில் இறங்கிப் பார்க்க முடியாது. பருத்தித்துறையில் தட்டை வடை வாங்காமல் திரும்பாதீர்கள், ரின்னில் போட்டால் ஒரு மாதம் இருக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் கரண்ட் நிற்குமா என்று முதல் நாளே பக்கத்து வீட்டில் கேளுங்கள். மருந்துக் கருவி, கேட்கிற கருவி, கதைக்கிற கருவி என்று ஏதும் கொண்டு வருகிறவர்கள் இரண்டாவது பற்றறி ஒன்று வாங்கி வையுங்கள். நாங்கள் இப்போது வாங்கிவிட்டோம். சார்ஜர் நீங்களே செய்வதானால் செய்யுங்கள், ஆனால் பிளஸ் வயரில் ஒரு டயோட் போடுங்கள். மாறிக் கொழுவினாலும் அது கரண்டை விடாது, ஒன்றும் எரியாது. எங்கள் ரின்னில் டயோட் இருக்கவில்லை. பழைய காரில் ஏறினால் பற்றறியின் எந்தப் பக்கம் பொடிக்குப் போகிறது என்று முதலில் பாருங்கள். மரியதாஸ் இப்போது டாஷ்போட்டுக்குப் பக்கத்தில், பொடியில், சிவப்புப் பெயின்றால் சின்னதாக ஒரு பிளஸ் போட்டு வைத்திருக்கிறார். கலியாண வீட்டுக்காரர்கள் ஏறும்போது அதைத் தொட்டுக் கும்பிடுகிறார்களாம். அவர் திருத்துவதில்லை.

திரும்பி வந்ததை இன்னும் சொல்லவில்லை. சாப்பாட்டு நேரம் முழுக்கக் கதைத்துத் தீர்ந்துபோன கருவி, பருத்தித்துறையிலிருந்து வல்லை வரைக்கும் தட்டில் இருந்தது. கொஞ்சம்தான் ஏறியிருக்கும். முனியப்பரடியில் மரியதாஸ் திரும்பவும் இறங்கினார். நான் முன்னால் எட்டி, "அண்ணை, நேற்றுப் பின்னேரம் முழுக்க என்னத்தைப் பயிற்சி எடுத்தனீங்கள்?" என்று கேட்டேன். அவர் கருவியை எடுத்தார்.

"பேர்."

"பேர் மட்டுமோ?"

"ஓம். பேர் மட்டும்தான்."

பற்றறி தீரும் வரைக்கும், ஒரு பின்னேரம் முழுக்க, கதவைச் சாத்திக்கொண்டு அந்தப் பெயரை மட்டும் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். வல்லைக் காற்றில் கண் கலங்கியது என்று நான் சொன்னால் நீங்கள் நம்பத் தேவையில்லை.

கார் கிளம்பவும் என் போன் அடித்தது. சாம்பவி. "மாமி, என்ன நடந்தது? ஏன் ஒருத்தரும் சொல்லுறியள் இல்லை?" என்று படபடத்தாள். நான் போனை ஸ்பீக்கரில் போட்டு அண்ணையின் வாய்க்குக் கிட்டப் பிடித்தேன்.

"சாம்பவி" என்றார்.

லைன் போய்விட்டதாக்கும் என்று நினைத்தேன்.

"அப்பா," என்றாள் கடைசியில். "திருப்பிச் சொல்லுங்கோ."

திருப்பிச் சொன்னார். அவள் இன்னொரு தரம் கேட்டாள், அவர் இன்னொரு தரம் சொன்னார். சம்மதமா இல்லையா என்று அவளும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. மரியதாஸ் காரை மெல்ல மெல்ல ஓட்டினார். ஆவரங்கால் தாண்டும்போது ரீங்காரம் தேய்ந்து, ஒரு தவளைச் சத்தத்தோடு நின்றுவிட்டது. அண்ணை கருவியை இறக்கவில்லை, வாயை அசைப்பதையும் நிறுத்தவில்லை.

"அப்பா? மாமி, அப்பா எங்கை?"

"இருக்கிறார் பிள்ளை," என்றேன். "பற்றறிதான் முடிஞ்சுது. அவர் இப்பவும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்."